தலையை எண்ணுக, முகத்தை விடுக!

தைப்பூசத்துக்கு முந்திய நாள்களில் எம் ஆயக்குடிச் சாலையோரம் நிற்போர், பழனி நோக்கிப் பாத யாத்திரிகர் இரவும் பகலும் நடந்த வண்ணம் இருப்பதைக் காண்பர். எத்தனை பேர் என வினவினால், "இலட்சக்கணக்கில்" என்பதே விடை. இலட்சக்கணக்கு என்பது ஒரு கணக்கா? கணக்கே இல்லை என்பதற்கு நாம் இட்டுக்கொண்ட பெயர் அது.

இக்கணக்கின்மைக்கு நாம் கொடுக்கும் விலை உயிர். 1990ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மினாவுக்குச் செல்லும் சுரங்கப் பாதையில் 1,426 பேர் நெரிந்து மாண்டனர். 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ ஐம்பது பேர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர். ஒவ்வொரு முறையும் "எதிர்பாராத கூட்டம்" என்கின்றனர். எதிர்பார்க்க இயலாதவர் எண்ணியாவது பார்த்திருக்கலாகாதா? தமிழில் எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடல், சிந்தித்தல் என இரு பொருள் உண்டு. இவர்கள் இரண்டையும் கைவிட்டனர்.

எண்ணும் கருவி இன்று அரிய பொருளன்று. வாயிலின் குறுக்கே கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, அது தடைப்படுந்தோறும் ஒன்று எனக் கொள்வது ஒரு வகை. மேலிருந்தவாறே உயரத்தை அளந்து தலைகளை எண்ணுவது மற்றொரு வகை. புகுந்தோர் தொகையிலிருந்து வெளியேறியோரைக் கழித்தால் உள்ளே நிற்போர் தொகை கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் மனிதன் தன் காலால் நடப்பதில்லை. கூட்டமே அவனைத் தள்ளிச் செல்லும். அந்நிலை வருமுன் வாயிலை அடைத்தல் வேண்டும்.

கருவி பிழை செய்யாதோ? செய்யும். தோளோடு தோள் உரசி வரும் இருவரைக் கதிர் ஒருவராகவே கொள்ளும். நுழைவாயில் நூற்றுக்கு இருவரைத் தவறவிட்டால், 10,000 பேர் புகுந்த இடத்தில் 200 பேர் கணக்கில் வாராமலே நிற்பர். ஆதலின் ஆளும் நின்று எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும். பிழையுள்ள கணக்கைத் திருத்தலாம். இல்லாத கணக்கை எங்ஙனம் திருத்துவது?

மலைமேல் கொடைக்கானலைப் பாருங்கள். சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் அக்கோடைக்கு நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என வரம்பும் விதிக்கப்பட்டது. மலையைக் காக்கும் அந்நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால் அச்சீட்டு கேட்பது பெயரையும் கைப்பேசி எண்ணையும் வண்டி எண்ணையும். தூண் பாறைக்கு எதிரே இந்நேரம் எத்தனை பேர் நெருக்கி நிற்கின்றனர் என்பதை அது சொல்லாது. பெயர் கிட்டியது, தொகை கிட்டவில்லை!

நம் வழக்கு இதுவே. மதரஸாப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லுங்கால், பேருந்து புறப்படுமுன் நாம் தலைகளை எண்ணுகிறோம். யார் மகன், எந்தத் தெரு என்று விசாரிப்பதில்லை. தொகை அறிவது வேறு, ஆளை அறிவது வேறு. இன்றோ, எண்ணுவதற்கென வைத்த கருவியிலேயே முகத்தைப் பதிந்து வைக்கலாம், கைப்பேசியின் அலையைப் பற்றிப் பின்தொடரலாம் என ஆசை காட்டுவோர் பெருகியுள்ளனர். பிறர் மறைவைத் துருவுதலை அரபியில் 'தஜஸ்ஸுஸ்' என்பர். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் அதனை விலக்குகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. "குற்றமற்றவனுக்கு அச்சம் ஏன்?" என்பர். குற்றமற்றவன் வீட்டுக்கும் கதவு உண்டன்றோ?

ஆகவே நாம் கேட்பது மூன்று. நெருக்கமுள்ள ஒவ்வோர் இடத்திலும் தலைகளை எண்ணுக. அத்தொகையை வருவோர் காணுமாறு வாயிலிலேயே பலகையில் காட்டுக. முகத்தையும் பெயரையும் தொடாது விடுக. உயிரோடு நடமாடுங்கால் எண்ணாது விட்ட கூட்டத்தை மறுநாள் பிணவறையில் எண்ணுகிறோம். அங்கு மட்டும் ஒருவரும் கணக்கில் விடுபடுவதில்லை.