முட்டை வெடிப்பது 14-ம் நாளில்தானா? குழந்தைக்குக் காத்திருப்போர் தவறவிடும் கணக்கு

ஆடிக்கிருத்திகைக்கு உறவுகள் கூடும்போது, கல்யாணமாகி ஓராண்டு தாண்டிய ஜோடியிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி: ‘என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?’ இப்போது அரசியல் மேடைகளும் அதையே கேட்கின்றன. மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதிகளும் குறையும் என்ற கவலையில், புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் அப்போது நாகப்பட்டினத்தில் பேசினார். அதற்கு முன்பே ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, கூடுதல் குழந்தைகள் வேண்டும் என்று 2024 அக்டோபரில் கேட்டிருந்தார். திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற எல்லையோர ஊர்களுக்கு இரு குரல்களும் கேட்கும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழகத்தில் 1.8 குழந்தை, ஆந்திரத்தில் 1.7. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 தேவை. ஆனால், குழந்தை வேண்டாம் என்பவர்களால் மட்டும் இந்த எண்ணிக்கை இறங்கவில்லை. வேண்டும் என்று முயன்றும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். உலகில் 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது கருத்தரிப்புச் சிக்கலைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் பலர் முதலில் நம்புவது செல்போன் ஆப் காட்டும் ‘14-ம் நாள்’ கணக்கை. அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது.

14-ம் நாள் எங்கிருந்து வந்தது?

மாதவிடாய்ச் சுழற்சி 28 நாள் என்று வைத்துக்கொண்டு, அதன் நடுவில் கருமுட்டை வெளியாகும் என்று போட்ட கணக்கு இது. 6 லட்சத்துக்கும் அதிகமான சுழற்சிகளை அலசிய ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் சரியாக 28 நாளில் முடிந்தவை 13 சதவீதம் மட்டுமே. சராசரி நீளம் 29.3 நாள், முட்டை வெளியாகும் வரையான முதல் பாதி 16.9 நாள், அதன் பிறகான ‘லூட்டியல்’ கட்டம் 12.4 நாள்.

ஒருவருக்கு 28 நாள், இன்னொருவருக்கு 35 நாள் என்றால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் முதல் பாதியில்தான் வருகிறது. 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு முட்டை 21-ம் நாளை ஒட்டி வெடிக்கலாம். இதைத்தான் தாமதமான ஓவுலேஷன் என்கிறார்கள். கருத்தரிக்க வாய்ப்புள்ளவை முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாள்களும். அவருக்கு அது சுமார் 16 முதல் 21-ம் நாள் வரை. 12, 13, 14-ம் நாள்களை மட்டும் குறித்துவைத்து முயலும் தம்பதி, வாய்ப்பு தொடங்கும் முன்பே அந்த மாத முயற்சியை நிறுத்திவிடுகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் இதே சிக்கலா?

ஆம். முட்டை வெடித்ததா என்று அறிய புரோஜெஸ்டிரான் ஹார்மோன் அளவைப் பார்ப்பார்கள். ‘21-ம் நாள் டெஸ்ட்’ என்றே அதற்குப் பெயர். உண்மையில் அது, அடுத்த மாதவிடாய்க்கு சுமார் 7 நாள் முன்பு எடுக்க வேண்டிய பரிசோதனை. 28 நாள்காரருக்கு அது 21-ம் நாள். 35 நாள்காரருக்கு 28-ம் நாள். அவர் 21-ம் நாளிலேயே ரத்தம் கொடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும். ‘முட்டையே வெடிக்கலை’ என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும். கே.ஜி.கண்டிகையிலிருந்து சென்னைக்கு டெஸ்ட் எடுக்கப் போனால் ஒருநாள் சம்பளம் போகும். அதைவிட, அந்த ஒற்றைத் தாள் வீட்டில் கிளப்பும் பேச்சு பெண்ணின் தலையில்தான் விழும்.

லூட்டியல் கட்டம் குறுகினால் கரு தங்காதா?

கரு பெரும்பாலும் முட்டை வெளியான 8 முதல் 10 நாளுக்குள் கருப்பையில் பதிகிறது. லூட்டியல் கட்டம் 10 நாள் அல்லது அதற்கும் குறைவு என்றால், பதியும் நேரத்திலேயே மாதவிடாய் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் இது மட்டுமே குழந்தையின்மைக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2021-ல் தெளிவுபடுத்தியது. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு சுழற்சியில் லூட்டியல் கட்டம் குறுகிய பெண்களுக்கு அடுத்த சுழற்சியில் வாய்ப்பு சற்றுக் குறைந்தது. 12 மாத முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. எப்போதாவது ஒரு மாதம் இப்படி ஆவது யாருக்கும் நடக்கும்.

தொடர்ந்து நடந்தால் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் அதிகரிப்பு, திடீர் எடைக்குறைவு, கடும் உடற்பயிற்சி, பிசிஓஎஸ், தாய்ப்பால் கொடுக்கும் காலம் ஆகியவை பட்டியலில் உள்ளன. இவற்றில் பல, சுழற்சியை நீட்டி ஓவுலேஷனைத் தள்ளிப்போடவும் செய்யும்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடலாமா?

கூடாது. ஐவிஎஃப் சிகிச்சையில் புரோஜெஸ்டிரான் கொடுப்பது வழக்கம். இயற்கையாக முயல்பவர்களுக்கு அது உதவும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முட்டை வெளியாகும் முன்பே எடுத்தால் ஓவுலேஷனையே தடுக்கவும் வாய்ப்புண்டு. மாத்திரையால் மாதவிடாய் தள்ளிப்போவதைக் கர்ப்பம் என்று நம்பி ஏமாறுவதும் நடக்கும்.

என்ன செய்யலாம்?

மூன்று மாதங்களுக்கு மாதவிடாய் தொடங்கிய தேதிகளை எழுதிவைப்பது முதல் வேலை. வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக மாறும் நாள்கள் முக்கியமானவை. எல்ஹெச் ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டினால், பொதுவாக அடுத்த 24-36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு இது தவறாகக் காட்டலாம். நாளைத் துல்லியமாகப் பிடிக்கும் டென்ஷன் வேண்டாம் என்பவர்கள், மாதவிடாய் முடிந்ததிலிருந்து இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும்.

35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டும், அதற்கு மேற்பட்டவர்கள் 6 மாதமும் முயன்றபின் டாக்டரைப் பார்க்கலாம். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். கணவருக்கும் முதல் சந்திப்பிலேயே விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆணின் பங்கும் இருக்கிறது.

ஆரம்பக்கட்ட ஆலோசனைக்குத் திருத்தணியிலும் திருவள்ளூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. எங்கே போனாலும் தேதிக் குறிப்பைக் கொண்டுபோய், ‘எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும், இந்த டெஸ்ட்டை எந்த நாளில் எடுக்கணும்?’ என்று கேட்டுவிடுவது நல்லது.