யோசனை சொல்லும் சபை யாருடையது?

நமது நகரங்களில் சில வருஷ காலமாக "வார்டு கமிட்டி" என்றும் "பகுதி சபை" என்றும் இரண்டு பெயர்கள் அடிபட்டு வருகின்றன. தெருவிலுள்ள ஓட்டர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, தங்கள் குறைகளை எடுத்துச் சொல்லி, முனிசிபாலிட்டியாருக்கு யோசனை கூறுவதற்காகவே இவை ஏற்பட்டிருக்கின்றன என்று சொல்லப்படுகிறது. சொல்லப்படுவது அத்தனையும் வாஸ்தவமானால் ஜனங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், யோசனை சொல்லுகிறவர் யார், அவரைப் பொறுக்கி எடுத்தவர் யார், அவர் சொன்னது எந்தப் புஸ்தகத்தில் ஏறிற்று, ஏறின பிறகு அது என்ன கதியாயிற்று என்று கேளாமல் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவதென்பது அறிவுள்ள மனிதன் செய்யக்கூடிய காரியமாகாது.

இந்தச் சபைகள் வந்து சேர்ந்த வரலாறே ஒரு வேடிக்கை. இந்திய அரசியல் சட்டத்தில் 1992 ஆம் வருஷம் செய்யப்பட்ட 74 ஆவது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைய வேண்டும் என்று சொல்லிற்று. அது அமுலுக்கு வந்தது 1993 ஜூன் முதல் தேதி. பிறகு 2005 இல் நகர்ப்புற வளர்ச்சிக்கென்று மத்திய சர்க்கார் ஒரு பெருந்திட்டம் கொண்டுவந்து, "பணம் வேண்டுமானால் ஜனங்களைக் கலந்துகொள்ளும் சட்டம் செய்யுங்கள்" என்று மாகாணங்களுக்கு நிபந்தனை போட்டது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2010 இல் வந்தது. அந்தச் சட்டத்தை நடத்துவதற்கான விதிகள் வந்ததோ 2022 இல். அதாவது, மாப்பிள்ளை பார்க்கப் பதினெட்டு வருஷம், முகூர்த்தம் பார்க்கப் பன்னிரண்டு வருஷம்! பஞ்சாங்கக்காரன்கூட இவ்வளவு தாமதம் செய்யமாட்டான். வரி உயர்த்தும் சட்டம் எதற்காவது இப்படி முப்பது வருஷம் பிடித்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

எப்படியோ, 2022 நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினம் என்று பெயர் வைத்து, நகரங்களில் பகுதி சபைகள் முதல் முறையாகக் கூட்டப்பட்டன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிப்பது. அந்தப் பகுதியின் ஓட்டர்கள் எல்லோரும் சபையின் அங்கத்தினர்கள். பகுதிக்கு ஒருவர் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்து வார்டு கமிட்டி. அதற்குத் தலைவர் அந்த வார்டின் கவுன்சிலர். இதுதான் ஏற்பாடு. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதிப் பிரதிநிதியை ஜனங்கள் ஓட்டுப்போட்டு எடுப்பதில்லை. அவர் நியமிக்கப்படுகிறார். சங்கடமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கவுன்சிலரின் வேலையைப் பார்த்துக் குற்றம் குறை சொல்ல வேண்டியவரை, கவுன்சிலரைச் சேர்ந்தவர்களே பொறுக்கி எடுத்தால் என்ன நடக்கும்? கணக்குப்பிள்ளையின் கணக்கைத் தணிக்கை செய்யக் கணக்குப்பிள்ளையின் மைத்துனனை வைத்தது போலத்தான் நடக்கும். ஒரு சிறு நகரத்தில் நாமே ஒரு பகுதி சபைக்குப் போயிருந்தோம். இருபது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள். மூன்று பேர் முனிசிபல் சிப்பந்திகள். பின்வரிசையில் ஒரு கிழவி எழுந்து, "எங்க சந்துல விளக்கு எரிஞ்சு நாலு மாசம் ஆச்சுங்க" என்றாள். "மனு எழுதிக் குடும்மா" என்றார் நடத்துகிறவர். அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் வாயால் சொல்லுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளுவதற்காகத்தானே சபை கூட்டியது? எழுதத் தெரிந்தவன் மனு போடுவதற்குத் தபாலாபீஸ் இருக்கிறதே, சபை எதற்கு? கடைசியில் நன்றி கூறல் மாத்திரம் விரிவாய் நடந்தது.

நியமனம் என்றாலே மோசம் என்று நாம் சொல்ல வரவில்லை. இதைச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், ஓட்டுப் பெட்டியில் எல்லா ஜனங்களுக்கும் ஒரே பலம் கிடையாது. 1920-களில் சென்னை சட்டசபையில் ஆதிதிராவிடர்களின் பிரதிநிதிகளாக எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் உட்கார்ந்தது நியமனத்தினால்தான். அப்படி உட்கார்ந்த சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம்தான், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் சந்தையிலும் யாருக்கும் தடையில்லை என்று 1924 இல் நிறைவேறிற்று. அந்தக் கிணறுகளும் தெருக்களும் அநேகமாய் ஸ்தல ஸ்தாபனங்களின் வசம் இருந்தவையே. டபிள்யு.பி.ஏ. சௌந்திரபாண்டியன் அவர்கள் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்றிச் செல்லாத மோட்டார் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். "சாதிப் பேதம் பாராட்டாதீர்" என்று பத்து வருஷம் பிரசங்கம் செய்தாலும் நடக்காதது ஒரு உத்தரவில் நடந்தது. அண்மையில் 2025 இல் தமிழ்நாட்டு சட்டசபை, மாற்றுத் திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன அங்கத்தினர்களாக்கச் சட்டம் செய்ததையும் நாம் இந்த வகையிலேயே வரவேற்கிறோம். தேர்தலில் நின்று ஜெயிக்க முடியாதபடி சமுதாயம் யாரை ஒதுக்கி வைத்திருக்கிறதோ அவரை உள்ளே கொண்டுவர நியமனம் உதவுமானால் அது நியாயம். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு மற்றொரு நாற்காலி போடுவதற்கு நியமனம் என்றால் அது மோசடி. பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

சில பெரிய மனிதர்கள், "ஜனங்களுக்கு என்ன தெரியும்? என்ஜினியர் இருக்கிறார், கமிஷனர் இருக்கிறார், அவர்களுக்குத் தெரியாததா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது நிறைய உண்டு என்பதே நம் பதில். தெருவுக்குத் தார் ரோடு போடுகிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே போடுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இப்படிப் போட்டுப் போட்டு, வீட்டு வாசற்படி பள்ளத்துக்குப் போய், ஐப்பசி மழைத் தண்ணீர் அடுப்பங்கரைக்கு வந்துவிடுகிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளரே எழுத வேண்டியதாயிற்று. அந்தத் தெருவில் குடியிருந்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பாளே! குழாயில் எந்த நேரத்துக்குத் தண்ணீர் விட்டால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிடிக்க முடியும், சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள் நாள் முழுதும் எங்கே ஒதுங்குகிறார்கள், சுடுகாட்டுக்குப் போகும் பாதையை யார் வேலி போட்டு வளைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவைகளெல்லாம் என்ஜினியரிங் காலேஜில் சொல்லிக்கொடுக்கும் சங்கதிகளல்ல. சாக்கடை அடைத்துக் கொசு மண்டிக் காய்ச்சல் வந்தால், "நம்ம தலைவிதி" என்று நெற்றியில் அடித்துக்கொள்ளும் ஜனங்களிடம், "அது விதியல்ல, பாக்கியிருக்கும் மராமத்து வேலை" என்று சொல்லுவதற்கும் இந்தச் சபையே தக்க இடம்.

நிற்க, கிராமத்து சங்கதிக்கு வருவோம். அங்கே கிராம சபை என்பது யோசனை சொல்லும் சபை மாத்திரமல்ல. அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்ற சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் 2022 இல் சேர்க்கப்பட்டன. எத்தனை பேர் வந்தால் சபை செல்லும் என்பதற்கும் கணக்கு உண்டு. 500 பேர் வரையுள்ள ஊரில் 50 பேர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊரில் 300 பேர். கையெழுத்துப் புஸ்தகம் அநேக ஊர்களில் இந்தக் கணக்கை நிறைவேற்றிவிடுகிறது. மைதானம் மாத்திரம் நிறைவேற்றுவதில்லை.

கிராமத்தில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றிருக்கிறது. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைத்து உட்கார விடப்படவில்லை. மேலவளவில் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு சேர்ந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே இக்கதி என்றால், சபையில் எழுந்து நின்று "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று ஒரு கூலிக்காரன் யோசனை சொல்லுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை டவுனில் இருக்கும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 இல் செய்த சட்டத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சி ஸ்தானங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் தலைவியின் புருஷனே "தலைவர்" என்று அழைக்கப்பட்டுக் கையெழுத்தை மாத்திரம் வீட்டுக்கு அனுப்பி வாங்கிவரும் ஊர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

தேர்தல் சமாச்சாரமும் இதில் சேர்ந்ததே. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். நமது நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த உள்ளாட்சி மன்றங்களுக்குக் கிராமங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் ஆரம்பமாயிற்று. நகரங்களில் 2022 பிப்ரவரியில் நடந்தது. மறுபடியும் 2025 ஜனவரியில் பெரும்பாலான ஜில்லாக்களில் கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்ததும் ஸ்பெஷல் ஆபீசர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சபை கூடுவது நிற்கவில்லை. தீர்மானம் எழுதுவதும் நிற்கவில்லை. ஆனால் யாரை ஓட்டுப்போட்டு எடுத்தோமோ அவரைப் பார்த்துக் கேட்பது வேறு, சர்க்கார் அனுப்பிய உத்தியோகஸ்தரைப் பார்த்துக் கேட்பது வேறு. அவர் நல்லவராகவே இருந்தாலும், நம்மிடம் மறுபடி ஓட்டுக்கு வர வேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் இல்லையல்லவா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சலித்துக்கொள்ளுகிறவர்களுக்கு அடுத்த வீட்டைக் காட்டுகிறோம். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் ஜனங்களே திட்டம் போடும் இயக்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கே முதலில் செய்தது பிரசங்கமல்ல. மாகாணத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரை உள்ளாட்சி மன்றங்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு கிராம சபையில் தேவைகளைக் கேட்டு எழுதினார்கள். அதை வைத்து ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு அறிக்கை தயாரித்து, கருத்தரங்கு கூட்டி, வேலைகளைப் பிரித்துக் குழுக்களிடம் கொடுத்தார்கள். திட்டங்கள் சரிதானா என்று பார்க்க, பென்ஷன் வாங்கிய என்ஜினியர்களையும் மற்றும் விஷயம் தெரிந்தவர்களையும் சம்பளமில்லாத தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலும் குறை இல்லாமலில்லை. வசதியுள்ளவர்கள் சபைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். ஏதாவது உதவித்தொகை கொடுக்கிற நாளில் மாத்திரம் கூட்டம் சேர்ந்தது என்றும் அங்குள்ளவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பணத்தை முதலில் வைத்துவிட்டு யோசனையைக் கேட்டதால், யோசனைக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. நம்மிடமோ யோசனையை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, "பணம் வந்தால் பார்க்கலாம்" என்கிறார்கள்.

ஆகவே, நமது தோழர்கள் இந்தச் சபைகளைக் கேலி செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதே நம் அபிப்பிராயம். நாம் காலி செய்கிற நாற்காலியில் காண்ட்ராக்டர் வந்து உட்காருவார். முதலாவது, பகுதிப் பிரதிநிதியை அந்தப் பகுதி ஜனங்களே கூடித் தேர்ந்தெடுக்கும்படி விதியை மாற்றச் சொல்ல வேண்டும். அதுவரையில் நியமனப் பெயர்களை முன்கூட்டியே தெருவில் ஒட்டி, ஆட்சேபணை கேட்ட பிறகு நியமிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக, போன கூட்டத்தின் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பதைப் படித்தாக வேண்டும் என்று பிடிவாதமாய்க் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லுவதை எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மில் ஒருவராகவே இருக்கட்டும். அதற்கு யாருடைய நியமனமும் தேவையில்லை. கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைத்தால் கூலி வேலைக்காரர்கள் வர முடியாது. மாலையிலோ விடுமுறை நாளிலோ, சேரிக்காரரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பொது இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

நடவடிக்கைப் புஸ்தகத்தைக் காட்ட மறுத்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2005 ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு காகிதத்தில் எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட்டுப் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, முனிசிபாலிட்டியின் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளைக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். "இன்ன தேதியில் நடந்த சபையின் வருகைப் பதிவும், தீர்மானங்களும், அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையும் வேண்டும்" என்று மூன்று வரி எழுதினால் போதும். நகல் வந்ததும் நான்கு பிரதி எடுத்து, ஒன்றை ரேஷன் கடைச் சுவரிலும், ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும், மற்றவைகளை டீக்கடை, சலூன் வாசல்களிலும் ஒட்டுங்கள்.