வெட்டின கரும்பு காத்திருக்காது

எங்கள் கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், அரவைக் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு வெட்டு உத்தரவுப் பேச்சுதான். "வெட்டியாச்சு, வண்டி நாளைக்கு வந்தா என்ன? கரும்பு எங்கே ஓடிடப் போகுது?" என்பார்கள் சிலர். கரும்பு ஓடாது சகோதரிகளே, அதிலுள்ள சர்க்கரை ஓடிவிடும்!

எப்படி என்கிறீர்களா? வெயிலில் இலை சமைக்கிற சர்க்கரை தண்டுக்குள் இறங்குகிறது. அங்கே என்சைம் எனப்படும் நொதிகள் காத்திருக்கின்றன. ஒரு நொதி குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் சேர்த்து, நாம் காபிக்குப் போடுகிற சர்க்கரையாக்கும். 'இன்வர்டேஸ்' என்ற இன்னொன்று அதையே பிரித்துவிடும். ஒருத்தி பூக் கட்ட, இன்னொருத்தி அவிழ்க்கிற கதைதான்!

வளர்கிற கொழுந்துக்குச் செலவுக்குச் சர்க்கரை வேண்டும். அதனால் நுனியில் பிரிப்பவளுக்குத்தான் வேலை அதிகம். நுனிக் கரும்பு சப்பென்றும் அடிக்கரும்பு தித்திப்பாகவும் இருப்பது இதனால்தான். கரும்பு முற்றி, பனியும் இறங்கினால் வளர்ச்சி அடங்கும். பிரிப்பவளும் அடங்குவாள், சர்க்கரை சேரும். அறுவடைக்கு முன் பாய்ச்சலைக் குறைப்பதும் இதற்காகவே.

வெட்டிய பிறகு இலையிலிருந்து வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. வெயில் ஏற ஏற இன்வர்டேஸுக்குக் கொண்டாட்டம். வெட்டு வாயில் கிருமிகளும் சேரும். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தந்த கோ 86032 போன்ற நல்ல ரகமானாலும் எடையும் குறையும், சர்க்கரைக் கட்டுமானமும் குறையும். வருஷம் பூராவும் பாடுபட்ட குடும்பத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமே இதில் கரைந்துபோகும். ஆகவே 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போவது உத்தமம். வண்டி தாமதமானால் நிழலில் குவித்து, சோகையால் மூடித் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

இனி நம் அடுக்களைக்கு:

1. பிரிந்த சர்க்கரை சரியாக இறுகாது. வாடிய கரும்பில் காய்ச்சிய வெல்லம் பிசுபிசுக்கும், மழைநாளில் கசியும். கெட்டியாய், காய்ந்ததாய்ப் பார்த்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

2. பொங்கல் கரும்பின் வெட்டு வாய் காய்ந்து, புளித்த வாடை அடித்தால் வேண்டாம்.

3. பச்சை உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அங்கும் இன்வர்டேஸ்தான் அதைப் பிரிக்கிறது. வறுத்தால் சீக்கிரம் கறுத்துக் கசக்கும், உடம்புக்கு ஆகாத அக்ரிலமைடும் கூடும். இருட்டான, காற்றோட்டமுள்ள இடமே நல்லது.

4. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கரும்புச் சாறு எதுவானாலும் நம் குடலில் உள்ள நொதி அதை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துத்தான் ரத்தத்தில் சேர்க்கிறது. "வெல்லம்தானே, பரவாயில்லை" என்று நீரிழிவுள்ள பெரியவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டாலும் சர்க்கரை சர்க்கரைதான்!