ஆலை பிறம்ரனில், முடிவு எங்கே?

பிறம்ரன் வில்லியம்ஸ் பார்க்வேயில் உள்ள கார் ஆலையை, புது மொடலுக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று சொல்லி 2023 இறுதியில் நிறுத்தினார்கள். 2025 ஒக்ரோபர் 14 அன்று, இங்கே செய்யப்படவிருந்த ஜீப் கொம்பஸ் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்குப் போகிறது என்று ஸ்ரெலாண்ரிஸ் அறிவித்தது. ஏறத்தாழ 3,000 பேரின் வேலை அந்தரத்தில் நிற்கிறது. உதிரிப்பாகம் செய்கிற ஓரிடத்தில் வேலை செய்யும் என்ர சித்தப்பா அண்டிரவே ரெலிபோன் எடுத்தார். "தம்பி, எங்கட வரிக்காசை வாங்கிறன் எண்டு கையெழுத்துப் போட்டவங்கள் எப்பிடிப் போகலாம்? உது ஆற்ற கொம்பனி?"

நல்ல கேள்வி. 1986இல் இந்த ஆலையைத் திறந்தது அமெரிக்கன் மோட்டோர்ஸ். அப்போது அது பிரான்சின் றெனோவின் பிடியில் இருந்தது. அடுத்த வருடமே கிறைஸ்லர் வாங்கியது. 1998இல் ஜேர்மனியின் டைம்லர், 2007இல் நியூயோர்க் முதலீட்டு நிறுவனம் ஒன்று, 2009இல் இத்தாலியின் ஃபியற், 2021இல் ஸ்ரெலாண்ரிஸ். வாசல் பலகை மாறினாலும் உள்ளே கார் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் முதலாளி எந்த நாடு என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த முதலாளியை இங்கே கட்டிப்போட்ட நிபந்தனை எது, அது எப்போது அவிழ்ந்தது என்றுதான் பார்க்கவேணும்.

1965இல் கனடாவும் அமெரிக்காவும் ஒரு வாகன ஒப்பந்தம் செய்தன. தீர்வை இல்லாமல் கார் கொண்டுவரலாம், ஆனால் இங்கே விற்பதற்கு ஏற்ற அளவு இங்கேயே செய்யவேணும். ஜப்பான் கார்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த எண்பதுகளில், சுசுக்கி ஜெனரல் மோட்டோர்ஸோடு பாதிக்குப் பாதி சேர்ந்து ஒன்ராறியோவின் இங்கர்சோலில் 'கமி' ஆலையைத் தொடங்கியதில் இந்தச் சலுகைக்கும் பங்கு உண்டு. 1994இல் நாஃப்ரா வந்தது. இனி வட அமெரிக்காவில் எங்கே செய்தாலும் சரி. ஜப்பானும் ஐரோப்பாவும் முறையிட, உலக வர்த்தக நிறுவனத்தின் தீர்ப்புப்படி 2001இல் பழைய ஒப்பந்தமும் முடிந்தது. 2009இல் சுசுக்கி தன் பங்கை விட்டு வெளியேறியது. முழு ஆலையும் ஜெனரல் மோட்டோர்ஸிடம் வந்தது. அந்த நிறுவனமும் 2025 ஒக்ரோபரில், பிறம்ரன் செய்தி வந்து ஒரு கிழமைக்குள், அங்கே செய்த மின்சார வான்களை நிறுத்துவதாக அறிவித்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சந்தை திறந்த பிறகு 1995இல் ஃபோர்ட் மகிந்திராவோடு சமபங்காக வந்தது. 1998இல் தன் பங்கை 72 வீதமாக்கிக்கொண்டது. 2021இல் மறைமலைநகர் ஆலையை மூடுவதாக அறிவித்தது. உள்ளூர்ப் பங்காளி வழிகாட்ட மட்டும்தான் தேவைப்பட்டார் போல.

திறந்த சந்தை கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. கணினி வேலைக்கு எல்லை கடந்து வந்தவன் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 2022இல் வின்சர், பிறம்ரன் ஆலைகளுக்கென்று மத்திய அரசு 529 மில்லியன் டொலர் வரையும் ஒன்ராறியோ 513 மில்லியன் வரையும் தருவதாகச் சொன்னபோது, எத்தனை வருடம், எத்தனை கார் என்பதை ஊருக்கே தெரியும்படி எழுதியிருக்க வேண்டாமா? பிறகுதான் ஒட்டாவா விழித்தது. அமெரிக்காவில் இருந்து தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய கார்களின் அளவை ஸ்ரெலாண்ரிஸுக்குப் பாதியாகவும் ஜெனரல் மோட்டோர்ஸுக்கு 24.2 வீதத்தாலும் வெட்டியது. இங்கே செய்தால்தான் இங்கே சலுகை. 1965இன் நிபந்தனை பின்வாசலால் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் ஆலை நின்ற பிறகு.

2026 யூலையில் மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தம் மீளாய்வுக்கு வருகிறது. எங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருகிற பாராளுமன்ற உறுப்பினரிடம் பொங்கல் வாழ்த்தோடு இதையும் கேளுங்கள்: அடுத்த ஆலைக்குக் கொடுக்கிற காசின் ஒப்பந்தத்தை முழுசாக வெளியிடுவீர்களா? சித்தப்பாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.