வெளியே தெரியாத ரத்தக்கசிவு!

கொரோனா போன்ற வைரஸ் தொற்றால் கடுமையான நிமோனியா வந்து ஐ.சி.யூ-வில் இருப்பவருக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். 'மூச்சுத்திணறலுக்கு வயிற்றில் எதற்கு ஊசி?' என்று வீட்டில் உள்ளவர்கள் குழம்புவதுண்டு. அது ஹெபாரின் வகை மருந்து. தொற்று முற்றும்போது ரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்பட்டு, ரத்தம் எளிதில் உறைந்துவிடும். அந்த ரத்தக்கட்டி நுரையீரல் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி.

ஆனால், உறையாத ரத்தம் கசிய ஆரம்பித்தால் சட்டென்று நிற்காது. விடாமல் இருமும்போது முன்வயிற்றுத் தசையில் ஓடும் ரத்தக்குழாய் கிழியலாம். தொடையைத் தூக்க உதவும், இடுப்புக்குள் இருக்கும் தசையிலும் ரத்தம் தேங்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

காலை நீட்டினால் இடுப்பில் வலி, தொடை மரத்துப்போவது, வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் புடைப்பு... இவற்றைப் 'படுத்தே கிடப்பதால் வந்த வலி' என்று நினைத்து நோயாளி சொல்லாமல் விட்டுவிடுவார். சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் இறங்கினால் மருத்துவர்கள் சி.டி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஊசியை நிறுத்தி, ரத்தம் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் கசியும் குழாயை உள்ளிருந்தே அடைப்பார்கள்.

'டோஸைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகுமே' என்று கேட்பவர்களும் உண்டு. ஐ.சி.யூ-வில் இருந்த சுமார் 1,100 கொரோனா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. முழு டோஸ் ஹெபாரின் உயிர் பிழைப்பதை அதிகரிக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவோ, வழக்கமான தடுப்பு முறையில் 2.3 சதவிகிதம், முழு டோஸில் 3.8 சதவிகிதம். தீவிரம் குறைந்த நோயாளிகளுக்கு அதே முழு டோஸ் பலன் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

வீடு திரும்பிய பிறகும் சிலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடரும். அப்போது மூட்டுவலி, உடம்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். எனவே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.