எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு வேகமா?

‘ஆக்டா கோர் பிராசஸர்’ என்று பெட்டியில் பார்த்ததும் பட்ஜெட்டைத் தாண்டி போன் வாங்குகிறவர்கள் உண்டு. எட்டு கோர் என்றால் எட்டு மடங்கு வேகம் என்பது அவர்கள் கணக்கு. இடிப்பது அங்கேதான்.

ஒரு விருந்துச் சமையல். தனி ஆளுக்கு 80 நிமிட வேலை. அதில் 72 நிமிடம் காய் நறுக்குவது; பங்கு போடலாம். மீதி 8 நிமிடம் தாளித்து இறக்குவது. ஒருவர்தான் செய்ய முடியும். எட்டுப் பேர் சேர்ந்தால் நறுக்கும் வேலை 9 நிமிடத்தில் முடியும். ஆனால், மொத்தம் 17 நிமிடம் ஆகும். 10 நிமிடத்தில் முடியாது. ஆயிரம் பேர் வந்தாலும் அந்த 8 நிமிடம் குறையாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜீன் அம்டால் 1967-ல் கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொன்னது இதைத்தான்.

போனிலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, எட்டு கோர்களும் சமமாக இருப்பதில்லை. ‘ஆர்ம்’ நிறுவனம் 2011-ல் அறிவித்த முறைப்படி, பாட்டு, மெசேஜ் போன்ற லேசான வேலைகளுக்குச் சின்ன கோர், பேட்டரி மிச்சமாகும். கேம், வீடியோ எடிட்டிங்குக்குப் பெரிய கோர். எது யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். எல்லா கோர்களும் முழு வேகத்தில் நெடுநேரம் ஓடினால் போன் சூடாகும். உடனே வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எட்டுமே சின்ன கோராக உள்ள போன்களும் ‘ஆக்டா கோர்’ என்றுதான் விற்பனைக்கு வருகின்றன. அதனால், கடையில் ‘எத்தனை கோர்?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘அதில் பெரிய கோர் எத்தனை?’ என்றும் கேளுங்கள்!