தபாலில் வரும் டி.என்.ஏ. சோதனை கோர்ட்டில் எடுபடுமா?

"பிள்ளை என்னுடையதுதானா?" என்ற சந்தேகம் வந்துவிட்டால் சிலர் சும்மா இருப்பதில்லை. தபாலில் பெட்டி வரவழைத்து, பஞ்சுக்குச்சியால் பிள்ளையின் உள்கன்னத்தைத் தடவி, சோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ரிசல்ட்டோடு கோர்ட்டுக்கு ஓடினால்? எடுபடாது!

சோதனை முறையில் குறை இல்லை. குச்சியில் இருந்தது யார் எச்சில் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. கோர்ட்டு உத்தரவிட்டால் ஆளை அடையாளம் பார்த்து, ரத்தம் எடுத்து, சீல் வைத்து அனுப்புவார்கள். 2012-ல் முன்னாள் முதல்-மந்திரி என்.டி.திவாரி அப்படி ரத்தம் கொடுத்தார். ரோகித் சேகரின் தந்தை அவரே என்று முடிவு வந்தது.

உத்தரவு லேசில் கிடைக்காது

திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதே என்கிறது சட்டம். இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் மறுக்கலாம். 2024 ஜூலையில் அமலான புதிய சாட்சிய சட்டத்திலும் இது 116-வது பிரிவாக இருக்கிறது.

மராட்டியத்தில் ஒரு கணவர் தனியார் ரிப்போர்ட்டைக் காட்டி விவாகரத்து கேட்டார். மகனுக்கு சோதனை நடத்த மும்பை ஐகோர்ட்டும் சம்மதித்தது. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. பெற்றோர் சண்டையில் பிள்ளையைப் பகடைக்காய் ஆக்கக்கூடாது என்பதே காரணம்.

வீட்டுச் சோதனையால் ஜீவனாம்சமும் தீராது, சொத்துத் தகராறும் தீராது. குடும்பம் மட்டும் உடையலாம். குச்சியை எடுக்கும் முன் பிள்ளை முகத்தை ஒருதரம் பாருங்க!